பேர் இல்லாத வெள்ளை வஸ்லின் டப்பா: மகன்ர எக்ஸிமாவுக்கு 14 மாசம் பூசின பிறகு எழுதுறன்

முதல்லயே சொல்லிடுறன், இது விளம்பரத்தில வாற கிறீம் ஒண்டைப் பற்றின ரிவியூ இல்லை. பாமசியில கேட்டா பின் ராக்கையில இருந்து எடுத்துத் தருவாங்களே, 'வைட் சொஃப்ற் பரஃபின் பி.பி.' எண்டு லேபல் ஒட்டின வெள்ளை டப்பா, வாசமும் இல்லை வடிவும் இல்லை, அதைப் பற்றித்தான். ஊரில எல்லாரும் வஸ்லின் எண்டுதான் சொல்லுறம், அது ஒரு கொம்பனி வச்ச பேர். 1872இல அமெரிக்காவில றொபேர்ட் செஸ்பரோ எண்டவர் இதுக்குப் பேட்டன்ற் எடுத்தவர், எண்ணெய்க் கிணத்தில வேலை செய்த ஆக்கள் வெட்டுக்காயத்துக்கும் சூடு பட்ட இடத்துக்கும் பம்புக் கம்பியில ஒட்டின மெழுகைப் பூசினதைப் பாத்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அதாவது 150 வருசத்துக்கு மேல பழைய சாமான்.

என்ர மகனுக்கு இப்ப ஆறு வயசு, எக்ஸிமா, அதாவது தோல் காய்ஞ்சு சிவந்து கடிக்கிற வருத்தம், 14 மாசமா இதைத்தான் பூசுறன். இப்ப ஏன் எழுதுறன் எண்டா, போன கிழமை திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு கைக்குழந்தையைப் பாத்தன். எட்டு மாசம். கன்னம் ரெண்டும் சிவந்து நீர் வடிஞ்சபடி கிடக்கு, தாய் ஒரு சின்ன இம்போர்ட் ரியூபை வச்சுக்கொண்டு பயறளவு எடுத்துத் தொட்டுத் தொட்டுப் பூசுறா, விலை கூட எண்டதால மிச்சம் பிடிச்சுப் பிடிச்சு. அஞ்சு வருசத்துக்கு முதல் நான் நிண்ட அதே நிலை. அண்டைக்கு எனக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்ல.

மகனுக்கு அஞ்சு மாசத்தில கன்னத்திலதான் தொடங்கினது. தவழ வெளிக்கிட்ட பிறகு முழங்கால், பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து. பகல்ல விளையாட்டில மறந்துபோவான், இரவில தான் கடி. சொறிஞ்சு சொறிஞ்சு விடிய எழும்பிப் பாத்தா பெட்சீற்றில ரத்தப் புள்ளி இருக்கும், நகத்துக்குள்ளயும் இருக்கும். அவனும் நித்திரை இல்லை, நாங்களும் நித்திரை இல்லை. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள் எங்களுக்கு மோசம், அந்த வறண்ட சூட்டுக் காத்தில தோல் கருவாடு மாதிரி காய்ஞ்சு வெடிக்கும். வாடை தொடங்கி மழை வந்தா கொஞ்சம் ஆறும், ஆனா அப்ப வீட்டுக்குள்ள பூஞ்சணம், ஈர உடுப்பு, அதால வேற விதமா கிளம்பும். இது எங்கட பிள்ளையின்ர கதை, உங்கட பிள்ளைக்கு மழைக்காலம்தான் மோசமா இருக்கலாம், கொப்பி ஒண்டில எழுதி வச்சுப் பாத்தாத்தான் பிடிபடும்.

என்னை ஆகலும் நோகப் பண்ணினது வருத்தம் இல்லை, ஆக்கள்ர கதை. வயித்தில பிள்ளை இருக்கேக்க இறாலும் நண்டும் கணவாயும் சாப்பிட்டனி, அதான் பிள்ளைக்குக் கிரந்தி எண்டு மாமி சொன்னவ. ரெண்டு வருசம் அதை நம்பி நான் அழுதிருக்கிறன். இப்ப தெரியும் அது பிழை எண்டு. எக்ஸிமா எண்டது தோல்ர வேலி பிரிஞ்ச மாதிரி. கிடுகு வேலி இத்துப்போனா உள்ளுக்க நிக்கிற கோழி வெளியில போகும், வெளியில நிக்கிற நாய் உள்ளுக்க வரும். அதே மாதிரி தோலுக்குள்ள இருக்கிற ஈரம் வெளியில போகுது, சோப், தூசி, வியர்வை, கிருமி எல்லாம் உள்ளுக்க போய் உடம்பைக் கிளறுது. தோலை இறுக்கி ஈரத்தைக் காக்கிற ஃபிலக்ரின் எண்ட புரதம் ஒண்டு இருக்கு, அதின்ர ஜீன்ல பிழை உள்ள ஆக்களுக்கு எக்ஸிமா வாற சான்ஸ் கூட எண்டு 2006இல கண்டுபிடிச்சாங்க. எக்ஸிமா வந்த எல்லாருக்கும் அந்தப் பிழை இல்லை, ஆனா பரம்பரையில வாறது கனக்க. என்ர இவருக்குச் சின்னனில இழுப்பு இருந்தது, அவர்ர தங்கச்சிக்கு விடிய விடியத் தும்மல். அதுவும் இதுவும் ஒரே குடும்பத்தில வாறதுதான். நான் சாப்பிட்ட நண்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை வாசிக்கிற அம்மா ஒருத்தியாவது அந்தப் பாரத்தை இறக்கி வைக்கோணும் எண்டுதான் இவ்வளவு விளக்கமா எழுதுறன்.

எக்ஸிமா மற்ற ஆளுக்கு ஒட்டவும் ஒட்டாது. பாலர் பாடசாலையில மற்றப் பிள்ளையின்ர தாய் ஒருத்தி என்ர மகனுக்குப் பக்கத்தில தன்ர பிள்ளையை இருத்த வேணாம் எண்டு சொன்னவ, மிஸ்ஸும் அவனைத் தனிக் கதிரையில மாத்தி இருத்தினவ. மூண்டரை வயசுப் பிள்ளை வீட்ட வந்து "அம்மா என்ர கை ஊத்தையா" எண்டு கேட்டான். அதை நான் மறக்க மாட்டன்.

சரி, டப்பாவுக்கு வாறன்.

இது செய்யிற வேலை ஒண்டே ஒண்டு தான், தோலுக்கு மேல ஒரு படலமா இருந்து தண்ணியை வெளியில விடாது. மருந்து இல்லை. ஈரம் குடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். அதால காய்ஞ்ச தோலில பூசினா பெரிசா ஒண்டும் நடக்காது, நான் முதல் ரெண்டு மாசம் அப்பிடித்தான் பூசிப்போட்டு இது சரிவராது எண்டு மூலையில வச்சனான். பிறகு தோல் கிளினிக்கில டொக்டர் கேட்டவ, எப்ப பூசுறீங்க எண்டு. பள்ளிக்கூடம் போக முதல் எண்டன். குளிச்ச உடன பூசுங்க, துவாயால தேய்க்காம ஒத்தி எடுத்துப்போட்டு மூண்டு நிமிசத்துக்குள்ள, தோல் இன்னும் ஈரமா இருக்கேக்க பூசுங்க எண்டவ. அந்த ஒரு சொல்லுதான் எங்கட வீட்டை மாத்தினது. இப்ப பின்னேரம் குளிக்க வாக்கேக்கயே டப்பா பாத்ரூம் வாசல்ல நிக்கும். தண்ணி சூடாவும் இருக்கக் கூடாது, குளிராவும் இருக்கக் கூடாது, வெதுவெதுப்பா, அஞ்சில இருந்து பத்து நிமிசம். கன்னியா வெந்நீர் ஊத்தில குளிக்க வார்த்தா சொறி மாறும் எண்டு எங்களை ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு போனவை, ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, போய்வாறது நல்ல விசயம்தான், ஆனா சூட்டுத் தண்ணி எக்ஸிமாத் தோலை இன்னும் காயப்பண்ணும், கடியும் கூடும். ரெண்டு தரமும் அண்டிரவு மகன் சொறிஞ்ச சொறி எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது அளவு. இங்கதான் நாங்க எல்லாரும் பிழை விடுறம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் வழமையா வாங்கிற பாமசியில நிக்கிற தம்பி ஒருநாள் சொன்னவர், "அக்கா, பவுண் மாதிரிப் பாத்துப் பாத்துப் பூசாதீங்க, பாணுக்கு மாஜரின் பூசிற மாதிரிப் பூசுங்க" எண்டு. இங்கிலாந்தில பிள்ளையள்ர எக்ஸிமாவுக்கு எழுதி வச்சிருக்கிற வழிகாட்டல்ல கிழமைக்கு 250 கிராமில இருந்து 500 கிராம் வரைக்கும் குடுக்கச் சொல்லித்தான் கிடக்கு. கிழமைக்கு! நான் 30 கிராம் ரியூபை ஒரு மாசம் வச்சுப் பூசினனான். இம்போர்ட் கிறீம் நல்லாத்தான் இருந்திருக்கும், நான் பூசின அளவுக்கு ஒரு கிறீமும் வேலை செய்திருக்காது. அந்த விலைக்குக் கிழமைக்கு 250 கிராம் வாங்கிறதெண்டா எங்களால ஏலாது, ஆனா இந்த டப்பா ஏலும். இந்த சாமானுக்கு நான் குடுக்கிற முதல் மார்க் அதுக்குத்தான், பயப்பிடாம அள்ளிப் பூசலாம்.

விலை குறைஞ்சது எண்டதால தரம் குறைஞ்சது எண்டு நினைக்காதீங்க. 2022இல இங்கிலாந்தில ஒரு ஆய்வு வெளிவந்தது, 550 பிள்ளையளை நாலாப் பிரிச்சு லோஷன், கிறீம், ஜெல், ஒயின்ட்மென்ட் எண்டு ஒவ்வொரு வகை குடுத்துப் பாத்தவங்க, எக்ஸிமா குறையிறதில நாலுக்கும் இடையில வித்தியாசம் இல்லை. பிள்ளைக்குப் பிடிச்சு, நாளாந்தம் பூச விடுற சாமான் எதுவோ அதுதான் நல்லது. எங்கட மகனுக்குக் கிறீம் வகை கனக்க எரிவு, அதுகளில கெடாம இருக்கப் போடுற சாமான், வாசம் எல்லாம் இருக்கு, வெடிச்ச தோலில பட்டா துள்ளுவான். இதில அப்பிடி ஒண்டும் இல்லை, எரிவே இல்லை. ரெண்டாவது மார்க் அதுக்கு.

பூசிற முறையும் கொஞ்சம் இருக்கு. டப்பாவுக்குள்ள கையை விடாதீங்க, எக்ஸிமாத் தோலில ஸ்டஃபிலோகொக்கஸ் எண்ட கிருமி சும்மாவே குடியிருக்கும், அதைத் தொட்ட விரலை டப்பாவுக்குள்ள விட்டா டப்பாவே கிருமிக் கூடு. சுத்தமான கரண்டியால ஒரு பிளேற்றில எடுத்து வச்சுப்போட்டுப் பூசுங்க. மயிர் வளர்ற பக்கமா மேல இருந்து கீழ தடவோணும், சுத்திச் சுத்தித் தேய்ச்சா மயிர்க்கால் அடைபட்டு சின்னச் சின்னப் பொக்குளம் வரும், எங்களுக்குத் தொடையில வந்து ரெண்டு கிழமை கஷ்டப்பட்டனாங்க.

இனிக் குறை. குறை நிறைய இருக்கு, ஒளிக்க மாட்டன்.

திருமலை வெயிலுக்கு இது பிசுபிசு எண்டு கிடக்கும். மத்தியானம் டப்பாவைத் திறந்தா உருகி எண்ணெயா நிக்கும். பகல்ல தடிப்பாப் பூசினா வியர்வை வெளியில போகாம உள்ளுக்கயே அவிஞ்சு கடி கூடுது, வியர்வையே எக்ஸிமாவுக்கு ஒரு எதிரி. அதால பகல்ல பள்ளிக்கூடத்துக்கு வாசம் இல்லாத சாதாரண லோஷன் ஒண்டு, பின்னேரக் குளிப்புக்குப் பிறகும் படுக்கப் போகேக்கயும் இது. இந்த ஏற்பாடு சரிவர மூண்டு மாசம் எடுத்தது. வெள்ளை யூனிபோம் எண்டா கறை கட்டாயம் வரும், பெட்சீற்றும் மஞ்சளாப் போகும், பழைய பருத்தித் துணி ரெண்டு இதுக்கெண்டே ஒதுக்கி வச்சிருக்கிறன். நிலாவெளிக்கோ டச்பேக்கோ போறதெண்டா போக முதல் மெல்லிசாப் பூசினாக் காணும், தடிப்பாப் பூசிப்போட்டுப் போனா மண் முழுக்க ஒட்டிப் பிள்ளை உப்புத்தாள் மாதிரி வருவான். வெடிப்பு உள்ள நேரம் கடல் தண்ணி எரியும், குளிச்சு வந்த உடன நல்ல தண்ணியில கழுவிப்போட்டுத் திருப்பிப் பூசோணும்.

நெருப்பு விசயத்தை மட்டும் தயவுசெய்து கவனமா வாசிங்க. பரஃபின் ஊறின துணி நெருப்புப் பட்டா சட்டெண்டு பத்தும், தோய்ச்சாலும் முழுசாப் போகாது. இங்கிலாந்தில இதால ஆக்கள் செத்தே இருக்கிறாங்க, அங்க அரசாங்கமே எச்சரிச்சது. எங்கட ஊரில விளக்கீடு, கற்பூரம், நுளம்புத்திரி, லைற் போனா மெழுகுதிரி எண்டு நெருப்பு எந்த நேரமும் பக்கத்தில. பூசின உடுப்போட பிள்ளையை விளக்குக்குக் கிட்ட விட வேணாம். கார்த்திகை விளக்கீட்டுக்கு மகனுக்குப் புது உடுப்புப் போட்டுத்தான் முத்தத்தில விடுறன், இவர் சிரிச்சாலும் பரவாயில்லை.

மற்றச் சாமான்களைப் பற்றியும் கேப்பீங்க, சுருக்கமாச் சொல்லுறன். அக்குவஸ் கிறீம், அதுவும் மலிவு, எனக்கும் ஒருக்காத் தந்தவங்க. அது சோப்புக்குப் பதிலா உடம்பில தடவிக் கழுவிறதுக்கு நல்லம். பூசிப்போட்டு அப்பிடியே விட்டா சில பிள்ளையளுக்கு எரியும், தோலும் இன்னும் மெலியலாம், காரணம் அதில சோடியம் லோரில் சல்ஃபேற் எண்ட நுரைக்கிற சாமான் இருக்கு, 2013இல இங்கிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர் அதைப் பற்றி எச்சரிக்கை போட்டவங்க. எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ற்றிலயும் அதே சாமான் இருக்கு, பாமசியில மாறி எடுத்திடாதீங்க, ரெண்டும் பாக்க ஒரே வெள்ளை.

தேங்காயெண்ணெய். அதைப் பூசச் சொல்லி அம்மா சொன்னது முழுப் பிழை இல்லை. பிலிப்பைன்ஸில 117 பிள்ளையளுக்கு எட்டுக் கிழமை பூசிப் பாத்து 2014இல வெளியிட்ட ஆய்வில, சுத்தமா ஆட்டின வேர்ஜின் தேங்காயெண்ணெய் மினரல் ஒயில் எண்ட பெற்றோலிய எண்ணெயை விட நல்லா வேலை செய்தது. நாங்க கச்சான் இல்லாத மாசங்களில கை காலுக்கு அதையும் பாவிக்கிறம். ஆனா எண்ணெய் வச்சுப்போட்டுப் பயத்தமாவால தேய்ச்சுக் கழுவிற பழக்கம் இருக்கே, அதை எங்கட மகன்ர தோல் தாங்கேல்ல. ஒலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோல்ர வேலியைக் கூடக் கெடுக்குது.

கிணத்துத் தண்ணி உவர், கடினம், அதுதான் காரணம், வீட்டுக்கே ஃபில்டர் பூட்டுங்க எண்டும் ஒருத்தர் சொன்னவர், பெரிய காசு. தண்ணியை மென்மையாக்கிற மெசின் பூட்டி 336 பிள்ளையளை வச்சு இங்கிலாந்தில பாத்தவங்க, 2011இல முடிவு வந்தது, எக்ஸிமாவில பிரயோசனம் இல்லை. அந்தக் காசுக்கு எத்தினை டப்பா வாங்கலாம் எண்டு கணக்குப் பாத்துப்போட்டு விட்டிட்டம்.

சாப்பாட்டை நிப்பாட்டிறதும் அப்பிடித்தான். மீன், முட்டை, பால், கத்தரிக்காய் எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சனாங்க, பிள்ளை மெலிஞ்சதுதான் மிச்சம், கடி குறையேல்ல. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள்ள சொண்டு வீங்கிறது, உடம்பு முழுக்கத் தடிப்புப் போடுறது, சத்தி எடுக்கிறது எண்டு இருந்தா அது வேற, உடன டொக்டரைப் பாக்கோணும். அப்பிடி ஒண்டும் இல்லாமக் கிரந்தி எண்ட பேருக்காக வளர்ற பிள்ளைக்கு மீனை நிப்பாட்டாதீங்க, அதுவும் திருமலையில இருந்துகொண்டு.

இந்த டப்பாவால ஏலாதது ஒண்டு இருக்கு, சிவந்து கிளம்பின எக்ஸிமாவை இது ஆத்தாது. அதுக்கு ஸ்டீரொயிட் கிறீம் வேணும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கட ஆக்களுக்குப் பயம், பயத்துக்கு நியாயமும் இருக்கு. எங்களுக்கு ஒரு கடையில டொக்டர்ர துண்டு இல்லாமலே ஒரு ரியூப் தந்தவங்க, கடி உடன போகும் எண்டு. உண்மையாவே ரெண்டு நாள்ல போனது, சந்தோசத்தில மூண்டு மாசம் கன்னத்திலயும் பூசிப்போட்டன், நிப்பாட்டின உடன ரெண்டு மடங்கா வந்தது, கன்னத்துத் தோல் மெல்லிசாகி ரத்த நரம்பு தெரிஞ்சது. பிறகுதான் கிளினிக்கில சொன்னவ அதில குளோபெட்டசோல் இருக்கு, ஸ்டீரொயிட்டுகளில ஆகவும் கடுமையான வகை, பிள்ளையின்ர முகத்தில வைக்கிற சாமானே இல்லை எண்டு. அதுக்குப் பிறகு எனக்கு எல்லா ஸ்டீரொயிட்டும் பயம், டொக்டர் எழுதினதையும் பூசாம ஒளிச்சு வச்சனான், அதுவும் பிழை. முகத்துக்கு 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் மாதிரி மெல்லிய வகை, உடம்புக்குக் கொஞ்சம் பலமானது, சொன்ன நாளுக்கு மட்டும், சொன்ன இடத்துக்கு மட்டும் எண்டு பூசினாப் பயம் இல்லை. அளவுக்கு ஒரு கணக்கும் காட்டித் தந்தவ: பெரிய ஆள்ர சுட்டு விரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ரியூபைப் பிதுக்கினா கிட்டத்தட்ட அரைக் கிராம், அது பெரிய ஆள்ர ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும், விரலையும் சேத்து. மருந்தையும் வஸ்லினையும் ஒண்டாக் குழைக்காதீங்க, இடையில அரை மணித்தியாலம் விடுறது எங்கட வழக்கம். கிளம்பல் ஆறினா ஸ்டீரொயிட் நிக்கும், டப்பா நிக்காது, தோல் நல்லா இருக்கிற நாளிலயும் பூசோணும். முந்தி மாசத்துக்கு ரெண்டு தரம் கிளம்பினது, இப்ப கடைசியாக் கிளம்பி மூண்டரை மாசம். நித்திரை கொள்ளுறான். நானும் கொள்ளுறன்.

டப்பாவையும் மறந்து உடன ஓட வேண்டிய நேரம் எது எண்டும் எழுதுறன். தேன் நிறத்தில பொருக்குப் பிடிச்சு நீர் வடிஞ்சா கிருமி பிடிச்சிருக்கு, அடுத்த நாளாவது காட்டோணும். காய்ச்சலோட, ஒரே அளவில சின்னச் சின்னக் குழிப்புண் கூட்டமா வந்து நோவெண்டு பிள்ளை அழுதா அது ஹேர்பிஸ் வைரசா இருக்கலாம், அதுக்கு விடியும் வரைக்கும் இருக்கக் கூடாது, அண்டைக்கே ஆஸ்பத்திரி, கண்ணுக்குக் கிட்ட எண்டா இன்னும் அவசரம். சொண்டில புண் வந்து நிக்கிற ஆக்கள் இப்பிடியான பிள்ளையைக் கொஞ்ச விடாதீங்க, மாமா சித்தப்பா ஆரெண்டாலும்.

அந்த எட்டு மாசப் பிள்ளையின்ர தாய்க்குக் கழுவிக் காயவச்ச போத்தல் ஒண்டில என்ர டப்பாவில இருந்து பாதி அள்ளிக் குடுத்தனான், எப்பிடிப் பூசிறது எண்டும் குளிக்க வாத்தே காட்டினன். இண்டைக்குப் போய்ப் பாத்தன், கை கால் நல்லா மெதுமையா இருக்கு, ஆனா இடப்பக்கக் கன்னத்தில அந்தத் தேன் நிறப் பொருக்கு. டொக்டரிட்டக் காட்டினாத் தனக்கு ஏசுவாங்களோ எண்டு தாய் பயப்பிடுறா. நாளைக்குக் காலமை நானும் கூடப் போறன், நம்பர் எடுக்க ஆறரைக்கே நிக்கோணும்.